மீன் உரசும் கல்

எங்கள் வீட்டுக்குப் புகைபோக்கி உண்டு.
தங்கச்சிமடத்தில் வேறெந்த வீட்டுக்கும் கிடையாது.
யாருக்குக் குளிர்ந்தது இங்கே என்று
மாமனார் ரயில்வே ஏலத்தில் எடுத்த நாள் முதல் கேட்கிறோம்.
கூடத்துச் சுவரில் அதன் வாய்,
வாய்க்குள் எங்கள் ஃபிரிட்ஜ்.
மேலே காக்கை. மழைக்காலத்தில் கரித்தண்ணீர்.

அந்தப் புகைபோக்கியின் படத்தோடு வந்தாள் நெஸ்டா.
அறுபது வயது. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவள்.
பழைய கடிதத்தின் ஓரத்தில் பென்சில் கோடுகள்:
கடல், இரண்டு பனை,
கூரையைத் துளைத்து நிற்கும் செங்கல் மூக்கு.
ஆட்டோ அருள்தாசன் மொழிபெயர்த்தார்,
பாதியை அவரே சேர்த்து.

இங்கிலீஷ்காரி என்றதற்கு முகம் சுருங்கினாள்.
படகுகளை மீட்கத் தில்லிக்குப் போனபோது
எங்களை மதராஸி என்றார்களே, அப்படி.
வேல்ஸாம். ஊர் பெதஸ்தாவாம்.
வேதத்தில் வருமே, ஐந்து மண்டபம் வைத்த குளம், அதுவா?
குளமில்லை, மலை. மலை முழுக்கச் சிலேட்டு.
மண்டபமும் இல்லையாம்.
எங்களுக்கு ஒன்று இருக்கிறது, பாலத்துக்கு அந்தப் பக்கம்,
ரயில் நிற்கும் என்றேன்.
அருள்தாசன் இதை மொழிபெயர்க்கவில்லை.

கொள்ளுத்தாத்தாவின் தகப்பன் அந்த மலையில் வெடி வைத்தவர்.
பாம்பன் கால்வாயில் பாறை உடைக்க ஆள் கேட்டபோது
குடும்பத்தோடு கப்பலேறியிருக்கிறார்.
முருகைக்கல் அடுக்கி வீடு கட்டி,
பழக்க தோஷத்தில் புகைபோக்கியும் வைத்து,
மூன்றாம் வருஷம் திரும்பிவிட்டார்கள்.
கடிதத்தில் இருந்தது இவ்வளவுதான்:
குளிருகிறது என்றாள். தீ மூட்டினோம்.
அவளை வீட்டுக்கு வடக்கே விட்டு வந்தோம்.

எவளை? பேரில்லை.
கோயில் பதிவேட்டில் இருக்காது,
அவர்கள் வேறு சபை என்றார் சாமியார்.
மூன்று நாள் தெருத்தெருவாக நடந்தாள்.
நான்காம் நாள் பூனைக்கண் ஜெசிந்தா
கூடையை இறக்கியதும் அசையாமல் நின்று
அவள் முகத்தையே பார்த்தாள்.
ஜெசிந்தா இரண்டு கிலோ நகரையை நிறுத்துக்
கையில் கொடுத்துவிட்டாள்.

அதை உரசத்தான் கிணற்றடிக்குப் போனோம்.
கருநீலக் கல். நான் வாக்கப்பட்டு வந்த நாள்முதல் உரசுவது.
அக்கம்பக்கத்தில் இரவல் கேட்கும் கல்,
செதில் அப்படி உதிரும்.
நெஸ்டா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

தண்ணீர் ஊற்றினோம். செதிலை வழித்தோம்.
எழுத்துகள். இல்லை,
எழுத்துகள் இருந்த பள்ளங்கள்.
மேல்வரி முழுதும் போயிருந்தது. கீழ்வரியும்.
இருபத்தெட்டு வருஷம்
ஓராவும் விளமீனும் தேய்த்துக் கழுவிய பேர்.
நடுவில் ஐந்தே எழுத்து மிச்சம்.
தொண்டையில் முள் சிக்கியவள் போல அதைச் சொன்னாள்.
மகள் என்று அர்த்தமாம்.
நம்ம த/பெ மாதிரி, என்றார் அருள்தாசன்.
இன்னார் மகள் இன்னார்.
இரண்டு இன்னாரும் இல்லை.

மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை.
நேவி பிடித்துப்போனவர்கள் பட்டியலில்
என் புருஷன் பேரைத் தப்பாக எழுதிய வருஷம்
ஓர் எழுத்துக்காக நாற்பது நாள் அலைந்தவள் நான்.
அதைச் சொல்லலாம் என்று பார்த்தேன்.
வந்தது வேறு:
எங்கள் ஊர்ப் பேரிலேயே ஒரு தங்கச்சி இருக்கிறாள்,
அடுத்த ஊர்ப் பேரில் ஓர் அக்காள்.
அவர்கள் பேர் எங்களுக்கும் தெரியாது.
பஸ்ஸில் டிக்கெட் எடுக்கும்போது கூப்பிடுகிறோம்.
பஸ் என்ற சொல்லுக்கு மட்டும் தலையாட்டினாள்.

கல்லை எடுத்துப் போ என்றேன்.
விமானத்தில் எடை கூடும் என்றாள். அது காரணமில்லை.
ஃபிரிட்ஜை நகர்த்தச் சொல்லி,
புகைபோக்கிக்குள் கைவிட்டுக் கரி எடுத்து,
கல்மேல் காகிதம் வைத்துத் தேய்த்து,
ஐந்தெழுத்தைச் சுருட்டிக்கொண்டு போனாள்.

மறுநாள் கல்லைப் புரட்டிப் போட்டேன்.
பின்பக்கம் வழுவழு. செதில் போகவில்லை.
ஒரு வாரம் பார்த்தேன்.
பிறகு திருப்பிவிட்டேன்.
ஓரமாக உரசுகிறேன்,
நடுவில் கை போகாமல்.