இரண்டாம் நம்பர் பஸ்

சனிக்கிழமை பத்து மணிக்குச் சங்கு ஊதியது.
சுங்கை கெலாடியில் சங்கு ஊதினால்
கால்கள் தாமாகவே பெரட்டுக் களத்துக்குப் போகும்.
ரப்பர் போய்ச் செம்பனை வந்து
செம்பனையிலும் பாதி போய்த் தொழிற்சாலை வந்தபிறகும்
கால்களுக்கு யாரும் தகவல் சொல்லவில்லை.
ஆகவே முதல் கட்டம் வெற்றி என்று
குறித்துக்கொண்டார் துவான் ஹஃபிசுல்.

நான் பள்ளி பஸ் ஓட்டுகிறவன்.
பேரிடர்த் திட்டத்தில், பக்கம் முப்பத்தொன்றில்,
'வாகனம் இரண்டு' என்பது நான்தான்.
வாகனம் ஒன்று பட்டறையில் கிடக்கிறது.
கியர்பாக்ஸ் ஈப்போவிலிருந்து வரவேண்டும்.

வேலிக்கு அந்தப்பக்கம்
அரிய மண் எடுத்தபின் மிஞ்சிய
யாருக்கும் வேண்டாத மண்,
கறுப்புத் தார்ப்பாய் போர்த்திய குன்று.
வேலியில் சிவப்புப் பலகை:
துப்பாக்கி நீட்டிய ஒருவன், கை தூக்கிய ஒருவன்,
கீழே நான்கு மொழியில் எச்சரிக்கை.
தமிழில் ஓர் ஒற்றுப்பிழைகூட இல்லை.
தப்பி ஓடுவது எப்படி என்ற கையேட்டில்தான்
தமிழுக்கு இடம் போதவில்லையாம்.
அடுத்த பதிப்பில் பார்க்கலாம் என்றார்கள்.

களத்தில் மேசை போட்டு மாத்திரை கொடுத்தார்கள்.
நிஜ மாத்திரை இல்லை, புளிப்பு மிட்டாய்.
"அயோடின் என்று நினைத்துக்கொள்ளுங்கள்."
ஐந்தாம் படிவம் படிக்கும் கயல்நிலா கேட்டாள்:
"அங்கே கிடப்பது தோரியம்தானே துவான்,
அதற்கு அயோடின் என்ன செய்யும்?"
அவர் நல்லவர். பொய் சொல்ல வரவில்லை.
"கையில் இருப்பதைக் கொடுக்கிறோம்" என்றார்.
அவளுக்கு இன்னொரு மிட்டாய் கொடுத்தார்.

பெயர் வாசித்தார்கள்.
நீல அட்டைக்காரர்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு.
ஆ லிக் கடையைவிட்டு வரவில்லை,
கல்லாவிலிருந்தே கை தூக்கினான்.
சிவப்பு அட்டைக் குப்பாயி பெயர் பின்னிணைப்பில் இருக்கிறது;
பின்னிணைப்பு வரவில்லை.
கன்டெய்னர் வீடுகளிலிருந்து ரொபியுலும் இருபது பேரும்
வரிசையின் கடைசியில் வந்து நின்றார்கள்.
அந்தக் குன்றைக் கொட்டிக் குவிப்பதே அவர்கள்தான்.
எந்தத் தாளிலும் இல்லை.
கொஞ்சநேரம் நின்று பார்த்துவிட்டு,
கல்யாணத்துக்குப் போகிறவர்களை அனுப்புவதுபோல
எங்கள் பஸ்ஸுக்குக் கையசைத்தார்கள்.

நாற்பது இருக்கை, எழுபத்தொரு பேர்.
ஊரைவிட்டு வெளியேற ஒரே ரோடு,
அது அந்த வேலியை உரசிக்கொண்டுதான் போகும்.
காற்று எதிர்ப்பக்கம் வீசும் என்று
திட்டத்தில் எழுதியிருக்கிறதாம்.

தொழிற்சாலை வாசலில் கொடி காட்டி நிறுத்தினான்
காவலுக்கு நிற்கும் நேப்பாளிப் பையன்.
உள்ளிருந்து லோரி வரவேண்டும்.
இது ஒத்திகை, வழி விடணும் என்றேன்.
"லோரி ஒத்திகை இல்லை, பாங்" என்றான்.

பதினொரு நிமிடம்.
மிட்டாய்த் தாள் கசங்கும் சத்தம் மட்டும்.
கயல்நிலா தார்ப்பாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
"மூணு வருஷத்துக்கு ஒருதடவை
லைசன்ஸ் புதுப்பிக்கிறாங்க அண்ணே.
அதுல பாதி தேயறதுக்கு ஆயிரத்து நானூறு கோடி வருஷம்."
கோபமாகச் சொல்லவில்லை,
வாய்ப்பாடு ஒப்பிக்கிற குரல்.
எனக்கு ஆறு மாதத்துக்கு ஒருதடவை
பிரேக் பார்ப்பார்கள் என்றேன்.
வேறு என்ன சொல்வது.

மாலையில் கையெழுத்துக்கு ஒரு தாள் வந்தது.
வெற்றி தொண்ணூற்று நான்கு விழுக்காடு.
'இடையூறுகள்' என்ற கட்டத்தில்
லோரி என்று எழுதினேன்.
துவான் ஹஃபிசுல் அதை நெடுநேரம் பார்த்தார்.
அடித்துவிட்டு, போக்குவரத்து நெரிசல் என்று எழுதினார்.
அப்புறம் யாரும் கேட்காமலே சொன்னார்:
"என் மனைவி வீடு இங்கிருந்து நாலு மைல்தான்."
பேனாவை மூட மறந்து சட்டைப்பையில் செருகினார்.

திங்கட்கிழமை, ஐந்தே முக்கால், இருட்டு.
முதல் நிறுத்தத்தில் ஒன்றாம் ஆண்டுப் பொடியன்
படியில் ஒரு கால் வைத்தபடி கேட்டான்:
"இன்னிக்கு நெசமா?"

ஸ்கூல்தான்டா, ஏறு என்றேன்.
கதவைச் சாத்தி
அதே ரோட்டில் திருப்பினேன்.