தாள் என்றொரு அலகு

பற்றரி கோயில் மைக்கினுடையது.
முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.
மற்றதெல்லாம் எங்கடதுதான்:
இருமுனையும் சீவிய கட்டைப் பென்சில் இரண்டு,
சாருஜனின் தம்பி உடைத்த காரின்
சிவப்புக் கண் ஒன்று,
கொஞ்ச வயர், நித்திகாவின் கிளிப்,
ஐஸ்கிறீம் கப். கழுவியது.

பென்சில்கள் தண்ணியில் நிற்கும்.
உப்பிருந்தால் கண் முழிக்கும்.
மழைத்தண்ணி விட்டோம்: நல்ல நித்திரை.
ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் கலக்க
மெல்ல,
காய்ச்சல்காரன் விழிப்பதுபோல்
சிவந்தது.
றொசான் போட்ட சத்தத்தில்
பக்கத்து வளவுக் கோழி மதிலேறியது.

ஆனால் கொஞ்ச வெளிச்சமா, நல்ல வெளிச்சமா என்று
எவ்வளவு நேரம்தான் சண்டை பிடிப்பது?
நித்திகா கணக்குக் கொப்பியைக் கிழித்தாள்,
கணக்கு என்றபடியால் மனம் நோகாமல்.
கண்ணுக்கும் லைற்றுக்கும் நடுவில் ஒரு தாள், இரண்டு தாள்,
வெளிச்சம் சாகும்வரை அடுக்கு.
எத்தனையாம் தாளில் செத்ததோ
அதுதான் உப்பு.

பகலில் இருட்டுக்கு எங்கே போவது?
புத்தகப் பைக்குள் தலையை விட்டோம்.
உள்ளே நேற்றைய றோல்ஸ் மணம்.

மழை, பூச்சியம்.
கடல்நீரேரி, பதினொரு தாள்.
இரண்டுக்கும் நடுவில் அராலி.

ரியூசனுக்கென்று வெளிக்கிட்ட சனிக்கிழமை,
இரண்டு சைக்கிள், நாலு பேர், இருபத்து மூன்று கிணறு.
வாசிகசாலைக் கிணறு நாலு.
வெங்காயத் தோட்டத்துக் கிணறு மூன்று.
நாயை அவிழ்த்துவிட்ட வீட்டுக்கு எண் இல்லை,
ஓடிய தூரம் மட்டும் உண்டு.

பவளராணி அன்ரி சொன்னா:
"எங்கட தண்ணி தேன். ஒண்டெண்டு போடுங்கோ."
பையைக் கொடுத்தோம்.
கொண்டையோடு தலை உள்ளே போனது.
வெளியே வந்து, "அஞ்சு" என்றா.
கொஞ்சம் பொறுத்து, "இன்னொருக்கா" என்றா.
பிறகு கேத்திலைக் கொண்டுவந்து
அடியில் படிந்த வெள்ளையைக் காட்டி
"இதுக்கு எத்தினை தாள்?" என்றா.
தேசிக்காய் பிழிந்தோம். சூ என்று நுரைத்தது.
அது வேற கணக்கு, அன்ரி.
அதுக்கு அடுத்த சனி.

கடைசியாய் எங்கட வீடு.
ஆர் வந்தாலும் அம்மா
தேத்தண்ணிக்கு முன்னம் தண்ணிதான் கொடுப்பா.
குடித்துவிட்டு அவர்கள் ஒரு சொல் சொல்லவேணும்.
சொல்லுவார்கள்.

எட்டு.
பென்சிலைக் கழுவினேன். எட்டு.
தாள்களை எச்சில் தொட்டு எண்ணினேன்.
ஒட்டிக்கொண்ட தாள் ஒன்றுமில்லை.
பைக்குள் என் தலை
தேவைக்கு அதிகமாய் இருந்தது.
நாலு என்ற சொல் நாக்கு நுனிக்கு வந்து
உட்கார்ந்துகூட விட்டது.
வெளியே மூன்று பேர் காத்து நின்றார்கள்.

"எட்டு" என்றேன், பைக்குள்ளிருந்தே.
றொசான் எழுதினான்.
அவனது எட்டு எப்போதும் ஒருபக்கம் சாயும்.
அன்று நேராய் நின்றது.

வரைபடத்தை நிலத்தில் விரித்து
மூன்றுக்கு நீலம், ஐந்துக்கு மஞ்சள்,
எட்டுக்குச் சிவப்பு என்று தீட்டிக்கொண்டு போக
கடல் ஊருக்குள் வருகிற வழி தெரிந்தது,
ஒழுங்கை ஒழுங்கையாக.
எங்கட வீடும் அதன் வழியில்.

ஆனால் நீரேரிக்கரையோரம்
ஆருமில்லாத வளவின் பாழ்க்கிணறு,
பத்து வரவேண்டிய இடத்தில்
இரண்டு.
கழுவி, துடைத்து, பென்சில் மாற்றி,
மூன்றுதரமும் இரண்டு.
கீழே கல்லுக்குள் ஏதோ வழி இருக்கு என்கிறான் சாருஜன்.
நித்திகா வயரைச் சந்தேகிக்கிறாள்.
பந்தயம் ஒரு ஜம்பு.
வீட்டு எட்டை நான் அப்போதுதான் மறந்தேன்.
நாளைக்கு வாளியோடு போகிறோம், நீளக் கயிறும் வேணும்,
அடித்தண்ணியும் மேல்தண்ணியும் ஒன்றோ என்று...

அந்நேரம் கோயில் மைக்
"பக்த அடி"
என்றதோடு நின்றது.
நாலு பேரும்
பற்றரியைப் பார்த்தோம்.