நிவாரணம்

கோப்பைகள் பதினொன்று.
ஒன்றில் ஆக்னஸ் மதினி கல்லுப்பு போட்டு வைத்திருக்கிறாள்.
நான் தடுக்கவில்லை.

நீரோடியில் எங்கள் தெரு நடுவே
மாநில எல்லை போகிறது.
இந்த வரிசைக்குக் குழாய்த்தண்ணீர் செவ்வாய்க்கிழமை,
எதிர்வரிசைக்கு வெள்ளி.
மணலோடு கோடு நின்றுவிடும்.

கடற்படையில் சேர்ந்து ஒன்பதாம் வருடம், ஏழிமலையில்
பாய்ப்படகுப் பந்தயம் என்னைப் பிடித்தது,
வயதானபின் வரும் அம்மைபோல, கடுமையாக.
ஊர் சிரித்தது:
"மீனும் பிடியாம கடலைச் சுத்திவர
சர்க்கார் சம்பளமா லேய், ததேயு?"

ஆமாம்.
மூன்று மிதவைகளைச் சுற்றி
கிளம்பிய இடத்துக்கே
மற்றவனுக்கு முன்னால் வர வேண்டும்.
கச்சான் திரும்புமுன்
நீர்மேல் ஒரு கறுப்புச் சுருக்கம் ஓடிவரும்.
அதை எனக்கு முன்பே பார்க்க
வறுவேல் அண்ணனால் மட்டும்தான் முடியும்.
அவன் தூண்டில்காரன். தங்கலுக்குப் போனால்
பன்னிரண்டு நாள்.

பதவி உயர்வுக் குழு என் கோப்பைப் புரட்டிச் சொன்னது:
கடலில் கழித்த நாட்கள் போதாது.
பந்தய நாட்கள் கடல் நாட்கள் ஆகாதாம்.

கொச்சியில் ஒருமுறை
இரண்டாம் மிதவை தாண்டி முதலில் இருந்தேன்.
பின்னால் ஒரு படகு கவிழ்ந்தது.
பாய்க்கடியில் ஒரு பையன்.
தாமானைத் தளர்த்தித் திரும்பினேன்.
யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.
கடைசியாகக் கரை சேர்ந்தேன்.
சாயங்காலம் ஒரு மேசை, மூன்று நடுவர்கள்,
மற்றப் பந்தயங்களின் சராசரி எடுத்து
ஒன்று புள்ளி எட்டு என்று எழுதினார்கள்.
இழந்ததைத் திருப்பித் தருவது.
அதற்கு நிவாரணம் என்று பெயர்.

அந்த ஐப்பசியில் புயல்.
தேடப்போன கப்பலில் நான் இரண்டாம் ஆள்.
காற்று மாறிவிட்டது சார்,
நீவாடு மேற்கே இழுக்கிறது,
இந்தச் சதுரத்தில் இருக்கமாட்டார்கள்,
அடுத்ததில் பார்க்கலாம் என்றேன்.
கேப்டன் நல்லவர். முழுதும் கேட்டார்.
"நமக்குக் கொடுத்தது இதுதான்."
சுக்கான் பிடித்தவன் என் முகத்தைப் பார்த்தான்.
கொடுத்த சதுரத்தின் திசையைச் சொன்னேன்.
சொன்னது என் வாய்தான்.
இரண்டு பகல் உழுதோம்,
ஒரு ஐஸ்பெட்டி மூடி கிடைத்தது.

அண்ணனும் எதிர்வீட்டுப் பத்ரோசும் ஒரே படகு.
இரண்டு தாலுகா, இரண்டு பட்டியல், இரண்டு தொகை.
நிவாரணம் என்று
மதினிக்கு வந்த காகிதத்தில் அச்சடித்திருந்தது.
படித்துக் காட்டச் சொன்னாள்.
அந்தச் சொல்லில் நின்றேன்.
கண்ணாடி இல்லையா என்று கேட்டாள்.

பையன் இப்போது கோவாவில் ஹோட்டல் நடத்துகிறான்.
கிறிஸ்துமஸ் தோறும் ஒரு பிளம் கேக் வரும்.
வெட்டுவது மதினிதான்.
"ஆரு அனுப்புகது?"
கூட ஓட்டினவன் என்பேன்.
அவள் பெரிய துண்டை வாழையிலையில் பொதிந்து
தெருவைத் தாண்டிப் போய்
பத்ரோசின் ரீத்தம்மாளிடம் கொடுத்துவிட்டு வருவாள்,
கையிலொட்டிய சர்க்கரையைச் சேலையில் துடைத்தபடி.