சேதம்: இல்லை

தாபா-ட்செகா மருத்துவமனை ஆய்வகப் பதிவேட்டில்
கடைசிக் கட்டம் 'சேதம்'.
தக்கானே கொண்டுவரும் பெட்டிகளுக்கு நேரே
மூன்றரை வருடமாக
'இல்லை' என்றே எழுதுகிறேன்.
கை பழகிவிட்டது.
சில நாள் பெட்டியைத் திறக்குமுன்பே எழுதிவிடும்.

மலைமேல் ஒன்பது மருந்தகங்கள்.
ஒன்பதிலும் இருமுகிறார்கள்.
சளியும் ரத்தமும் குப்பிகளில் ஏறி
அவள் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து
சரளைப் பாதையில் இறங்கி வருகின்றன.
குப்பிகளுக்கு ஹெல்மெட் கிடையாது.

மோட்லாட்சி வேறு மாதிரி.
மூன்று வளைவு மிச்சமிருக்கும்போதே
நாய்கள் சொல்லிவிடும் அவன் வரவை.
"நாற்பது நிமிஷம்" என்பான்,
முகக் கண்ணாடியைக்கூட உயர்த்தாமல்.
அவன் பெட்டியை மட்டும் காதோரம் வைத்துக் கேட்பேன்,
உள்ளே சில்லு ஏதும் பேசுகிறதா என்று.
நல்ல பையன்தான்.
மார்ச் மழையில் தோள் எலும்பு போய்
இப்போது பெட்ரோல் பங்கில் காசு வாங்குகிறான்,
இடது கையால்.

ஒருமுறை ஜீப் கிடைக்காமல்
தக்கானேயின் பின்னால் ஏற வேண்டியிருந்தது.
அவள் குந்தி உட்கார்ந்து
சங்கிலியை விரலால் தூக்கிப் பார்த்தாள்.
டயரைக் கட்டைவிரலால் அழுத்தினாள்.
முன்பிரேக்கைப் பிடித்தபடி வண்டியை ஓர் உந்து உந்தினாள்.
சந்தையில் மாட்டுக்குப் பல் பிடித்துப் பார்ப்பார்களே,
அந்த நிதானம்.
எனக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

"நான் சாய்ந்தால் நீயும் சாய்.
வேண்டாம் என்று உடம்பு சொல்லும்.
அப்போதும் சாய்."
அன்று அவள் பேசியது அவ்வளவுதான்.

பாதி வழியில், பாதை நடுவே,
மாட்டுத் தலை அளவு ஒரு கல்.
நான் கல்லையே பார்த்தேன்.
வேறெதையும் பார்க்க முடியவில்லை.
அவள் ஹெல்மெட் அந்தப் பக்கம் திரும்பவேயில்லை.
கல்லுக்கு இடப்புறம் ஒரு முழம் வெறும் மண்;
அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
வண்டி அவள் பார்வையின் வாலைப் பிடித்துக்கொண்டு
போய்விட்டது.

பிறகு ஆடுகள்.
இன்ஜினை அணைத்தாள்.
சாம்பல் போர்வைக்குள் மேய்ப்பன் அவசரப்படவில்லை,
அவளும்தான்.
ஹாரன் அடிக்கக் கூடாதா என்றேன்.
அடித்தால் எந்தப் பக்கம் ஓடும் என்று
ஆட்டுக்கே தெரியாதாம்.

ஜூலையில் கணவாயில் பனி விழுந்தது.
இந்த நாட்டில் தென்சரிவில்தான் வெயில் எட்டாது.
அந்த வளைவு வரைக்கும் வந்து
பெட்டியோடு திரும்பிப் போனாள்.
பெட்டிக்குள் ஒரு கைக்குழந்தையின் ரத்தம்.
மறுநாள் அது எதற்கும் ஆகாது.

போனில் கத்தினேன்.
மாலெரட்டோ, லெரட்டோவின் தாய்,
குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு
மறுபடி அரை நாள் நடந்து வரவேண்டும்,
மறுபடி அந்தச் சின்னக் குதிகாலில் ஊசி,
உனக்குத் தெரியுமா என்றேன்.
தெரியும் என்றாள்.
கொஞ்ச நேரம் காற்று மட்டும் கேட்டது.
"பாதை பளபளத்தது" என்றாள்.

பதிவேட்டை எடுத்தேன்.
'சேதம்' என்ற கட்டத்துக்குள்
பேனா வெகுநேரம் நின்றது.
குப்பி கெட்டது உண்மை.
அவள் மருந்தகச் சுவரோரம் உட்கார்ந்து
சோளக் கூழ் குடித்துக்கொண்டிருப்பதும் உண்மை.
இரண்டுக்கும் சேர்த்து எழுத
அந்தக் கட்டத்தில் இடமில்லை.
'உண்டு' என்று எழுதினேன்.
என்மேல் கோபமாக வந்தது.

ஐந்தாம் நாள் மதியம்.
நாய்கள் எதுவும் சொல்லவில்லை.
வாசலில் நின்றாள், முழங்கால்வரை சேறு.
இந்த முறை திறந்துவிட்டு எண்ணினேன்,
ஒவ்வொன்றாக, வெளிச்சத்தில் பிடித்து.
பதினோராவது குப்பியில்
நர்ஸின் பொடியெழுத்தில்: லெரட்டோ.

தக்கானே பல்லால் கடித்துக் கையுறையை உருவினாள்.
விரல்கள் நிமிரவில்லை.
கிளட்ச் பிடித்த வளைவிலேயே
விறைத்து நின்றன.
அந்த வளைவுக்குள்
தேநீர்க் கோப்பையைச் செருகினேன்.