ஒலி சரியில்லை

எண்பத்தொரு படிவங்கள்.
எழுபது பேருக்கு ஒலி சரியில்லை.
வால்திவியாவில் ஜூன் மாதம் மழை பெய்யாமல் இருக்க
ஒரு கட்டம் கொடுத்திருந்தால்
அதிலும் டிக் போட்டிருப்பார்கள்.
மேலே தகரக் கூரையில் மழை,
அதற்கடியில் பேராசிரியை எதெல்வினா நவர்ரெத்தேயின் குரல்,
அதற்கும் அடியில்
ஹெட்ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டு நான்.

பலகையில் எழுதுவது தெரியவில்லை,
தோள்பட்டை நன்றாகத் தெரிகிறது.
நான்காம் பாடத்தில் ஒரு பூனை போனது, மறுபடி வருமா?
ஒன்றே முக்கால் மடங்கு வேகத்தில் கேட்டுப் பழகிவிட்டேன்,
அன்று மீன் சந்தையில் நேரில் பேசினார்,
உடம்புக்கு ஏதோ என்று பயந்துவிட்டேன்.
ஒருவன் ஐந்து நட்சத்திரமும் தந்து
கருத்துக்கான இடத்தில் ஒரு புள்ளி வைத்திருக்கிறான்.
காலியாக விட்டால் படிவம் நகராது.

மண்ணுக்குள் தண்ணீர் எப்படிப் போகிறது
என்பது அவர் பாடம்.
அவர் பேச்சில் மூன்றில் ஒரு பங்கு
பேசாமல் இருப்பது.
இரண்டு விநாடிக்கு மேல் சத்தமில்லையென்றால் எடுத்துவிடு
என்பது துறையின் கட்டளை.
எடுத்தேன்.
ஐம்பத்திரண்டு நிமிடம் முப்பத்தெட்டாகச் சுருங்கியது.
ஒட்டுப்போட்ட இடம் யாருக்கும் தெரியாது என்று
கொஞ்சம் கர்வம்கூட இருந்தது எனக்கு.

அறுபத்து நான்காவது படிவத்தில்
பெயர் எழுத வேண்டாம் என்ற வரிக்கு நேர் கீழே
பெயர் எழுதியிருந்தது: ரயென் காயுகேயோ, கெய்யோன்.

'சிப்பி ஆலையில் எனக்கு இரவு வேலை.
ஏழாம் பாடத்தை மூன்று தடவை பார்த்தேன்.
அணைக்கு அடியில் தண்ணீர் எந்தப் பக்கம் திரும்பும்
என்று கேட்கிறீர்கள்,
கேட்ட வாய் மூடும் முன் பதில் சொல்கிறீர்கள்.
உங்களுக்கு ஒரு தடவைகூட
யோசிக்க வேண்டியிருக்கவில்லையா?
எனக்கு மட்டும்தான் இவ்வளவு நேரம் எடுக்கிறதென்றால்
விட்டுவிடலாம் என்றிருக்கிறேன்.
ஒலி நன்றாக இருந்தது.'

வெட்டாத பதிவைத் தேடித் திறந்தேன்.
இருபத்து மூன்றாம் நிமிடம்.
கேள்வியைக் கேட்டுவிட்டுத் திரும்புகிறார்.
அம்புக்குறி ஒன்று போடுகிறார்.
நிற்கிறார்.
இல்லை, என்கிறார், எங்களிடம் இல்லை.
விரல் விளிம்பால் அழிக்கிறார்.
பேனா மூடியைப் பல்லில் கடித்தபடி
பலகையை, ஜன்னலை, மறுபடி பலகையைப் பார்க்கிறார்.
இன்னொரு அம்பு. அதுவும் போகிறது.
நாற்பத்தொரு விநாடி.

என் பதிவில் அவர் உள்ளங்கையில் திடீரென்று
நீலக் கறை முளைத்திருக்கும்.
எங்கிருந்து வந்தது என்று
எண்பத்தொரு பேரில் ஒருவரும் கேட்கவில்லை.

துறையிடம் சொல்லவில்லை.
ஒவ்வொன்றாகத் திரும்ப வைத்தேன்,
இருமலை, மூடியை, தவறான அம்புகளை.
முப்பத்தெட்டு மறுபடி ஐம்பத்திரண்டாக ஊறியது.
பூனையையும்தான்,
அது இரண்டாம் முறை போனதை நான் எடுத்திருந்தேன்.

அடுத்த பருவம்.
எழுபத்தொன்பது படிவங்கள்.
நீளம். நீளம். ரொம்ப நீளம்.
பூனைக்கு நன்றி.
அதே புள்ளி, அல்லது அவன் தம்பியின் புள்ளி.
கெய்யோனிலிருந்து பெயரோடு எதுவும் வரவில்லை.
பெயரில்லாத எழுபத்தொன்பதில் அவள் இருக்கலாம்,
ஆலையிலேயே இருந்துவிட்டிருக்கலாம்.

பன்னிரண்டு பேர் ஒரே புகாரை எழுதியிருந்தார்கள்:
ஏழாம் பாடம், இருபத்து மூன்றாம் நிமிடம்,
வீடியோ உறைந்துவிடுகிறது, சரிசெய்யவும்.

பதில் எழுதுவது என் வேலையல்ல.
பன்னிரண்டு பேருக்கும் எழுதினேன்:

உறையவில்லை.
ஒலியைக் கூட்டுங்கள்,
மழை கேட்கும்.