இடப்பக்கம் நடப்பவன்

யாரும் தொடாமலே
திரையில் அவன் இடப்பக்கம் நடக்கிறான்.
சுவர் வந்த பிறகும் நடக்கிறான்.
ஐந்து மாதமாய் இப்படித்தான்.

ஜெலுத்தோங், பதினான்காம் மாடி,
ஷிஃப்ட் இல்லாத வெள்ளிக்கிழமை.
பாயான் லெப்பாஸில் வெள்ளை அங்கிக்குள்
கண் மட்டும் தெரிய
யாருடைய சில்லுகளிலோ பிழை தேடுகிறவள்
இங்கே நைட்டியோடு
காலாவதியான பஸ் அட்டையைச் செருகி
கண்ட்ரோலரின் வயிற்றைப் பிளக்கிறேன்.

நான்கு திருகாணிகள் மைலோ டின் மூடியில்.
ஐந்தாவது லேபிளுக்கு அடியில் ஒளிந்திருந்தது.
அது தெரிவதற்குள் ஓரம் விரிந்துவிட்டது.
உள்ளே முறுக்குத் தூள், செத்த எறும்பு,
தம்பி லோகேந்திரனின் நகத்துண்டு.
தோற்ற இரவில் இதை எறிந்தவன் அவன்தான்.
சுவரிலும் ஒரு பள்ளம் உண்டு,
மேலே காலண்டர் மாட்டியிருக்கிறோம்.

ஈயம் உருகுகிற வாடை
மீன்குழம்பில் போய் ஏறுகிறது.
பதினான்கு கால்கள் பழைய குச்சிக்கு.
ஒவ்வொன்றாய் விடுவிக்க இரண்டு மணி நேரம்.
புதியது பதினெட்டு ரிங்கிட்,
நட்டேன், மூடினேன்,
ஒரு திருகாணி மிச்சம். இருக்கட்டும்.

அவன் நின்றான்.
சும்மா நிற்கும்போது
அவனுக்கு மூச்சு ஏறி இறங்கும் என்பதே
இன்றுதான் தெரியும்.

பிறகு நான் கை வைத்தேன்.
வலப்பக்கமாய்ச் சரிந்து போய்
எதிர்ச் சுவரில் முட்டினான்.

கட்டைவிரல்தான்.
ஐந்து மாதம் அவனை இழுத்துப் பிடித்தே பழகியது,
அதற்கு இன்னும் சேதி போய்ச் சேரவில்லை.

"சரியாயிடுச்சாக்கா?"
அறைக்குள்ளிருந்து லோகேந்திரன்.

"அது சரியாயிடுச்சு" என்றேன்.