பத்து எழுத்துச் சோதனை

வினிபெக்கில் ஜனவரி. இரவு இரண்டு நாற்பது.
மைனஸ் முப்பத்தொன்றில் ஊழியர் கார்கள்
ஆளுக்கொரு மின்கம்பி செருகி நிற்கின்றன,
எஞ்சின் உறைந்துவிடாமல் இருக்க.
நான்காம் மாடிக் கண்ணாடி வழியே பார்க்கிறேன்.
எனக்குப் பின்னாலும் அதேதான் நடக்கிறது.
அப்படி எழுத எங்கள் படிவத்தில் இடமில்லை.

படுக்கை பதினொன்று. ஆய்வு எண் நூற்று நாற்பத்தாறு.
பெயர் பூட்டிய அலமாரிக்குள்.
ரெஜைனாவுக்கும் தண்டர் பேக்கும் நடுவில்
லாரி ஓட்டியவர் என்பது வரை சொல்லலாம்.

இரண்டு மயக்க மருந்துகளில்
எது மனத்தைக் குறைவாகக் குழப்புகிறது?
ஒன்று பால்வெள்ளை, ஒன்று தண்ணீர்.
யாருக்கு எது என்று நான் அறியக்கூடாது.
குழாய் முழுக்கக் கறுப்பு உறை.
ஒருமுறை மூட்டருகே அரை அங்குலம் விலகியிருக்க
சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்,
ஆள் இருக்கும் குளியலறையைத்
தெரியாமல் திறந்தவளைப் போல.

விழிப்புக்கும் இங்கே மதிப்பெண் உண்டு.
அசைத்தாலும் அசையாவிட்டால் கழித்தல் ஐந்து.
குழாய்களைப் பிடுங்கினால் கூட்டல் மூன்று.
அமைதியாக, விழிப்பாக இருந்தால் பூச்சியம்.
இத்தனை பணமும் இத்தனை இரவும்
ஒரு பூச்சியத்துக்காகத்தான்.
நான் கடைசியாக எப்போது பூச்சியத்தில் இருந்தேன்,
நினைவில்லை.

அடுத்தது கவனச் சோதனை.
பத்து எழுத்து வாசிப்பேன். ‘ஏ’ வரும்போது மட்டும்
என் விரலை அழுத்த வேண்டும்.
இரண்டு பிழை வரை மன்னிப்பு.
எஸ், ஏ, வி…
கை கழற்றிப் போட்ட கையுறையாகக் கிடந்தது.
கண் மட்டும் என் அடையாள அட்டையில்.
சுகிர்தா என்பதை வாசித்தாரோ என்னவோ.

விதியில் இல்லாததைச் செய்தேன். குனிந்தேன்.
“அண்ணை, அ எண்டு கேட்டால் மட்டும்
என்ர கையை இறுக்குங்கோ.”

க. இறுக்கினார்.
அ. இறுக்கினார்.
ம. இறுக்கினார்.
ட, ந, ர, த, ஒன்றையும் விடவில்லை.
பத்துக்கு ஆறு பிழை.
சித்தக் குழப்பம் உண்டு என்ற கட்டத்தை நோக்கி
பேனா இறங்கியது. பாதி வழியில் நின்றது.

க-வுக்குள் அ இருக்கிறதே.
ம-வுக்குள்ளும்தான்.
புள்ளி வைத்தல்லவா அதை வெளியே அனுப்ப வேண்டும்,
நான் வைக்கவில்லையே.
எல்லாம் கலங்கிப்போய் எல்லாவற்றையும் பிடித்தாரா,
இல்லை, நான் கேட்டதை
என்னைவிடக் கவனமாகக் கேட்டாரா?

புள்ளி வைத்து மறுபடி தொடங்கினேன். இக். இம்.
அதற்குள் வெண்டிலேட்டர் அலறியது. இருமல், நெளிவு.
தாதி டெனீஸ் வந்து பம்பில் இரண்டு தட்டுத் தட்டினாள்.
கறுப்புக்குள் ஏதோ ஒன்று இறங்கிற்று.
விரல்கள் ஒவ்வொன்றாக என்னை விட்டன.

காலையில் டாக்டர் ஹால்டர்சன் கேட்டார்:
அந்த மொழியில் இச்சோதனை சரிபார்க்கப்பட்டிருக்கிறதா?
நானறிய இல்லை.
அப்படியானால் ‘மதிப்பிட இயலவில்லை’ என்று போடு.
நல்ல மனிதர். எனக்கும் சேர்த்துக்
காப்பி வாங்கி வந்திருந்தார்.
போட்டேன்.

வெளியே காரின் கம்பியை உருவினேன்.
விறைத்துப்போய்ச் சுருள மறுத்தது,
அப்படியே பின்சீட்டில் திணித்தேன்.
ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு
வாய்விட்டு ஒருமுறை வாசித்தேன். க, அ, ம, ட…
எல்லாவற்றுக்கும் என் கை இறுகிற்று.
குளிரில்தான் என்று நினைக்கிறேன்.